பாக்-12 கலைந்தபோது அரசாங்கம் எங்கே போயிருந்தது?

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள ஒன்பது பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் அன்று காலையில் கூடி, ஆப்பிள் நிறுவனத்தோடு ஒரு ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. பேனாவைத் திறப்பதற்குள் வாஷிங்டன் பல்கலைக்கழகம் விலகிவிட்டது. கூடவே ஓரிகனும். சாயங்காலத்துக்குள் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் வேறு இடம் பார்த்துக்கொண்டன. மிச்சம் நின்றவை நான்கு: ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். 1915 முதல் வரலாறு சொல்லிக்கொள்ளும் பாக்-12 என்ற விளையாட்டுக் கூட்டமைப்பு அத்தோடு பெயரளவில்தான் மிஞ்சியது.

இவை ஏதோ விளையாட்டுக் கழகங்கள் அல்ல. நம் பிள்ளைகள் எம்.எஸ். படிக்க விண்ணப்பம் போடும் அதே அரிசோனா ஸ்டேட்தான், அதே வாஷிங்டன் பல்கலைக்கழகம்தான். பாக்-12இன் பன்னிரண்டு உறுப்பினர்களில், ஸ்டான்ஃபோர்டையும் அதற்கு முன்பே வெளியேறியிருந்த சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் (யூஎஸ்சி) தவிர மற்ற பத்தும் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். ஆளுநரோ சட்டசபையோ வாக்காளர்களோ நியமிக்கும் வாரியங்கள் அவற்றை நடத்துகின்றன. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். பட்ஜெட் சட்டசபையின் கையில். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழக ஃபுட்பால் பயிற்சியாளர்.

இந்த விவகாரத்தை "பணம்தான் காரணம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பொய்யில்லை. ஆனால் பணம் 1994-லும் இருந்தது, 2003-லும் இருந்தது. அப்போது அரசியல்வாதிகள் குறுக்கே விழுந்து தங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றினார்கள். 2023-இல் யாராலும் முடியவில்லை. ஏன் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

முதலில் கொஞ்சம் அடிப்படை. இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். கான்பரன்ஸ் என்பது பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கம். தங்களுக்குள் ஆடுவார்கள், டிவி உரிமையைச் சேர்த்து விற்பார்கள், வரும் பணத்தைப் பிரித்துக்கொள்வார்கள். கமிஷனர் என்று ஒருவர் இருப்பார். அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், முதலாளி அல்ல. முடிவெடுப்பது பல்கலைக்கழகத் தலைவர்களின் ஓட்டு. யாரும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகலாம். என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு ஒன்று உண்டு. விதிமுறை போடும், தண்டனை கொடுக்கும். ஆனால் யார் எந்தக் கான்பரன்ஸில் ஆட வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் டிவிப் பணமும் அதன் கையில் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. 1950-களின் தொடக்கத்திலிருந்து எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஒரு அணி எத்தனை முறை வரலாம் என்று என்சிஏஏதான் தீர்மானித்தது. நிறைய ஒளிபரப்பினால் மைதானத்துக்கு ஆள் வராது என்ற பயம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: என்சிஏஏ செய்வது போட்டியை ஒடுக்கும் ஏகபோகம், சட்டவிரோதம். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் வைட் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் நட்சத்திரம். கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். அந்த அமர்வில் இந்த ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சரி, தோற்ற வாதம். அன்றிலிருந்து டிவி உரிமை அவரவர் சொத்து. அதைச் சேர்த்து விற்கும் கடையாகக் கான்பரன்ஸ் மாறியது. எந்தக் கடையில் வியாபாரம் அதிகமோ அங்கே நகர வேண்டும் என்ற நமைச்சலும் தொடங்கியது.

இனி டெக்சாஸ். 1990-களின் தொடக்கத்தில் அங்கே சவுத்வெஸ்ட் கான்பரன்ஸ் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆர்கன்சா விலகிய பிறகு அதில் இருந்தவை எல்லாம் டெக்சாஸ் மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே. டிவிக்காரர்களுக்கு ஒரே மாநிலச் சரக்கு எதற்கு? பெரிய அண்ணன்களான டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் வெளியே வாய்ப்புத் தேடின. வடக்கே இருந்த பிக் எய்ட் கான்பரன்ஸுடன் இணைவது என்று பேச்சு போனது. இரண்டு பேர் மட்டும் போனால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அப்போது மாநிலத் துணை ஆளுநர் பாப் புல்லக். டெக்சாஸில் துணை ஆளுநர்தான் செனட்டை நடத்துபவர். பட்ஜெட் விஷயத்தில் ஆளுநரைவிட அவர் கை ஓங்கியது. புல்லக் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பேய்லரில் சட்டம் படித்தவர். சபாநாயகர் பீட் லேனியும் டெக் பழைய மாணவர். ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் பேய்லர். 1994 பிப்ரவரியில் புல்லக் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் தலைமைகளைக் கூப்பிட்டு, டெக்கையும் பேய்லரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் உங்கள் மானியத்தில் கை வைப்பேன் என்று சொன்னதாகத்தான் டெக்சாஸில் இன்றும் கதை சொல்கிறார்கள். சொன்ன வார்த்தை பற்றிப் பல பாடங்கள் உண்டு, விளைவில் சந்தேகமில்லை. நான்கு பேரும் சேர்ந்து போனார்கள். பிக் 12 பிறந்தது. அதிகாரத்தில் ஆள் இல்லாத டிசியு, எஸ்எம்யு, ரைஸ், ஹூஸ்டன் நான்கும் தெருவில் நின்றன. ஆட்டத் திறமை, ரசிகர் கூட்டம் எல்லாம் இரண்டாம் பட்சம். எந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அன்று எடுபட்டது.

ஒன்பது வருஷம் கழித்து வர்ஜீனியாவில் நடந்ததோ இதைவிட நாசூக்கான காரியம். 2003-இல் கிழக்குக் கரையின் ஏசிசி கான்பரன்ஸ், பிக் ஈஸ்ட் கான்பரன்ஸிலிருந்து மயாமி, சிரகியூஸ், பாஸ்டன் காலேஜ் மூன்றையும் இழுக்கத் திட்டம் போட்டது. ஒன்பது உறுப்பினர்களில் ஏழு ஓட்டு வேண்டும். டியூக்கும் நார்த் கரோலைனாவும் எதிர்ப்பு. ஆக, மிச்சம் ஏழு பேரில் ஒருவர் கூடப் பின்வாங்க முடியாது. அந்த ஏழில் ஒன்று வர்ஜீனியா பல்கலைக்கழகம். பிக் ஈஸ்ட் உடைந்தால் அதே மாநிலத்தின் வர்ஜீனியா டெக் அநாதையாகிவிடும். ஆளுநர் மார்க் வார்னர் நெருக்கினார். வர்ஜீனியா பல்கலைக்கழகத் தலைவர் ஜான் காஸ்டீன், டெக் இல்லாமல் என் ஓட்டு இல்லை என்று உட்கார்ந்துகொண்டார். கடைசியில் சிரகியூஸ் வெளியே, வர்ஜீனியா டெக் உள்ளே.

இதில் ஒரு வேடிக்கை. ஏசிசியின் இந்த வேட்டையை எதிர்த்து கனெக்டிகட் மாநில அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் புளூமென்தால் முன்னின்று ஒரு வழக்குத் தொடுத்திருந்தார். பாதிக்கப்பட்ட பிக் ஈஸ்ட் பல்கலைக்கழகங்கள் அதில் வாதிகள். அவற்றில் வர்ஜீனியா டெக்கும் ஒன்று! அழைப்பு வந்ததும் வழக்கிலிருந்து நைசாகக் கழன்றுகொண்டது.

இந்த இரண்டு கதைகளிலும் அரசியல்வாதியிடம் கையில் பிடிக்க ஏதோ ஒன்று இருந்தது. புல்லக்கிடம் பட்ஜெட். வார்னரிடம் குறைகிற ஒரு ஓட்டு. கோபமோ மாநிலப் பெருமையோ மட்டும் இருந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

அப்புறம் கேபிள் டிவி வந்து கணக்கை மாற்றியது. 2007-இல் பிக் டென் கான்பரன்ஸ் ஃபாக்ஸோடு சேர்ந்து சொந்தச் சேனல் தொடங்கியது. கான்பரன்ஸ் உறுப்பினர் இருக்கும் மாநிலத்தில் கேபிள் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதாமாதம் ஒரு தொகை. அந்த வீட்டுக்காரர் ஆட்டம் பார்க்கிறாரா இல்லையா என்பது விஷயமே இல்லை. 2012-இல் பிக் டென் ஏன் மேரிலாண்டையும் ரட்கர்ஸையும் சேர்த்துக்கொண்டது என்பதற்கு விடை இதுதான். ரட்கர்ஸ் அணி பெரிதாக ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் நியூ ஜெர்சியில் இருக்கிறது, பக்கத்தில் நியூயார்க். மேரிலாண்டுக்குப் பக்கத்தில் வாஷிங்டன் டி.சி. ஆட்டக்காரர்களை அல்ல, கேபிள் இணைப்புகளைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். மேரிலாண்ட் விலகியதற்கு ஏசிசி 52 மில்லியன் டாலர் கேட்டது; வழக்கு நடந்து 31.4 மில்லியனில் முடிந்தது. அபராதம் எவ்வளவு பெரிதாக எழுதினாலும் பேரம் பேசிக் குறைக்கலாம் என்று எல்லோருக்கும் புரிந்துபோனது.

டிவிப் பணம் இப்படிப் பெருகியபோது, மாநில பட்ஜெட்டின் மிரட்டல் சக்தி தேய்ந்தது என்றுதான் நான் படிக்கிறேன். விளையாட்டுத் துறை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் பெரிய பல்கலைக்கழகத்திடம் போய் மானியத்தைக் குறைப்பேன் என்றால் அந்தத் துறைக்கு என்ன வலிக்கும்? 2021-இல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12ஐ விட்டு எஸ்இசி கான்பரன்ஸுக்குத் தாவப்போகும் செய்தியை ஹூஸ்டன் கிரானிக்கிள் வெளியிட்டது. டெக்சாஸ் செனட் உடனே விசாரணைக் குழு போட்டது. பல்கலைக்கழகத் தலைவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள், கைவிடப்பட்டவர்கள் வந்து புலம்பினார்கள், தொலைக்காட்சியில் எல்லாம் நன்றாக வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. 2024 ஜூலையில் இரண்டும் எஸ்இசியில். புல்லக் இருந்திருந்தாலும் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தாவலைப் பார்த்துப் பயந்துபோய் பிக் டென், ஏசிசி, பாக்-12 மூன்றும் 2021 ஆகஸ்டில் ஒரு கூட்டணி அறிவித்தன. எழுத்தில் ஒன்றும் கிடையாது, நம்பிக்கைதான் என்றார்கள். பத்து மாதம் தாங்கியது. 2022 ஜூன் 30 அன்று பாக்-12இன் லாஸ் ஏஞ்சலஸ் அணிகளான யூஎஸ்சியையும் யூசிஎல்ஏவையும் பிக் டென் தூக்கிக்கொண்டு போனது. கூட்டணிக் கட்சியே வீட்டில் கன்னம் வைத்த கதை.

யூஎஸ்சி தனியார். அதை யாரும் கேட்க முடியாது. யூசிஎல்ஏ விஷயம் அப்படியல்ல. யூசிஎல்ஏவும் பெர்க்லியும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்ற ஒரே நிறுவனத்தின் இரண்டு வளாகங்கள். ரீஜென்ட்ஸ் என்ற ஒரே வாரியம். ஆளுநர் கேவின் நியூசம் பதவி வழியில் அந்த வாரிய உறுப்பினர். ஒரு வளாகம் கிளம்பிப் போய், இன்னொரு வளாகத்தின் வருமானத்தை நட்டாற்றில் விட்டிருக்கிறது. கிளம்பும் முன் அது வாரியத்தில் முறையாக ஓட்டுக்கு வரவே இல்லை. ஜூலைக் கூட்டத்துக்கு நியூசம் நேரில் வந்தார், பொதுமக்களுக்கு விளக்கம் வேண்டும் என்றார். எப்படி நடந்தது என்று பார்த்தால், இந்த மாதிரி ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை வளாகத் தலைவர்களிடமே முன்பு கொடுத்து வைத்திருந்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டு ஏன் திறந்திருக்கிறது என்று கேட்ட மாதிரி.

யூசிஎல்ஏவின் விளையாட்டுத் துறை அப்போது 100 மில்லியன் டாலருக்கு மேல் பள்ளத்தில் இருந்தது. போகாவிட்டால் சில விளையாட்டுகளையே மூட வேண்டியிருக்கும் என்றார்கள். டிசம்பர் 14 அன்று வாரியம் 11-5 என்று ஓட்டுப் போட்டு அனுமதித்தது. ஒரு நிபந்தனை: பெர்க்லிக்கு யூசிஎல்ஏ பணம் கொடுக்க வேண்டும். பிறகு 2024-இல் அது வருஷத்துக்கு 10 மில்லியன் டாலர் என்று முடிவானது. ஜீவனாம்சம் என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. கிண்டல் இருக்கட்டும், மக்கள்தொகையில் நாட்டிலேயே பெரிய மாநிலத்தின் ஆளுநர் நேரில் வந்து நின்றும் தடுக்க முடிந்தது இவ்வளவுதான். 1994-இல் நிபந்தனை போட்டவர்கள் 2022-இல் நஷ்டஈடு வசூலிப்பவர்களாகிவிட்டார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் சந்தை போன பிறகு பாக்-12 உயிர்பிழைக்க வாய்ப்பு இருந்ததா? இருந்தது என்றே நினைக்கிறேன், ஆனால் அவர்கள் தலையில் அவர்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள். பழைய கமிஷனர் லாரி ஸ்காட் காலத்தில், 2012-இல், யாரையும் பங்காளி சேர்க்காமல் முழுக்கச் சொந்தமாகச் சேனல் தொடங்கினார்கள். டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்தோடு கடைசிவரை ஒப்பந்தம் படியவில்லை. சொந்த ரசிகர்களே பலர் பார்க்க முடியாத சேனல். போதாததற்கு, காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் பல வருஷமாகச் சேனலுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்து வந்ததும், அது தெரிந்தே அதிகாரிகள் வாய் மூடி இருந்ததும் 2023 தொடக்கத்தில் வெளியே வந்து இரண்டு பேர் வேலை இழந்தார்கள். சுமார் 50 மில்லியன் டாலர் கழித்துக்கொடுக்க வேண்டிய நிலை.

புதிய கமிஷனர் ஜார்ஜ் கிளியாவ்காஃப் ஒளிபரப்புப் பேச்சில் நிதானம் காட்டினார். பொறுத்திருந்தால் நல்ல விலை வரும் என்று கணக்கு. அதற்குள் பிக் 12 கமிஷனர் பிரெட் யோர்மார்க் வரிசையை முந்தி, 2022 அக்டோபரில் இஎஸ்பிஎன்னோடும் ஃபாக்ஸோடும் ஒரு உறுப்பினருக்கு வருஷம் 31.7 மில்லியன் டாலர் என்று முடித்துவிட்டார். பிக் டென்னோ அதே வருஷம் ஆகஸ்டிலேயே ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் ஏழு வருஷத்துக்கு 7 பில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தது. கடையில் வாங்க வந்தவர்கள் பையை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள். 2023 ஜூலை இறுதியில் கொலராடோ பொறுமை இழந்து பிக் 12க்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 1 அன்று கிளியாவ்காஃப் மேசையில் வைத்தது ஆப்பிளின் சந்தா ஒப்பந்தம். உறுப்பினருக்கு 23, 25 மில்லியன் என்று தொடங்கி, சந்தாதாரர் சேரச் சேரக் கூடும். பயிற்சியாளர்கள் இனிமேல் சந்தா விற்க வேண்டுமா என்று தலைவர்கள் மத்தியில் முணுமுணுப்பு. அடுத்த மூன்றே நாளில் கதை முடிந்தது.

அந்த மூன்று நாளில் யார் யாரோடு போனார்கள் என்று பாருங்கள். அரிசோனாவில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், ஆனால் மாநிலத்துக்கு ஒரே வாரியம். அரிசோனா பல்கலைக்கழகம் கிளம்பத் தயார். அரிசோனா ஸ்டேட் தலைவர் மைக்கேல் க்ரோ கடைசிவரை பாக்-12ஐக் காப்பாற்றப் பார்த்தவர். வாரியம் கூடியது, இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போயின. ஓரிகனில்? அங்கேயும் ஒரு காலத்தில் மாநில உயர்கல்வி வாரியம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி வாரியம், சுதந்திரம், திறமையான நிர்வாகம் என்றெல்லாம் சொல்லி 2015-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். எட்டு வருஷம் கழித்து, யூஜீனில் உள்ள ஓரிகன் பல்கலைக்கழகம் பிக் டென்னுக்குப் போனபோது, அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி கோர்வாலிஸில் இருந்த ஓரிகன் ஸ்டேட்டை யாருமே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கவில்லை. 1894 முதல் ஒருவரோடு ஒருவர் ஆடி வந்தவர்கள். வாஷிங்டன் மாநிலத்திலும் தனித்தனி வாரியம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போனது, கிழக்குக் கோடியில் புல்மனில் இருந்த வாஷிங்டன் ஸ்டேட் நின்றது. 2021-இல் ஓக்லஹோமாவிலும் அப்படியே. ஆளுநர் கெவின் ஸ்டிட் ஓக்லஹோமா ஸ்டேட்டில் படித்தவர். தன் கல்லூரி கைவிடப்பட்டதை அவராலும் தடுக்க முடியவில்லை.

கல்வி நிர்வாகச் சீர்திருத்தம் என்று யாரோ ஒரு குழு எழுதிய சட்டம், ஒரு சின்ன ஊரின் சனிக்கிழமை ஃபுட்பால் வியாபாரத்தை இப்படி வந்து அடிக்கும் என்று 2015-இல் எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். இந்தப் பிரச்சினையைப் பற்றி எழுதுகிறவர்கள் டிவி ஒப்பந்தங்களையே திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். வாரிய அமைப்பை ஒரு முறை பார்த்தால் பாதி விடை அங்கே கிடைக்கும் என்பது என் கருத்து.

மிஞ்சிய நால்வரில் ஸ்டான்ஃபோர்டுக்கும் பெர்க்லிக்கும் தனி வழி கிடைத்தது: அட்லாண்டிக் கரையின் ஏசிசி. பதினைந்தில் பன்னிரண்டு ஓட்டு வேண்டும். முதலில் நால்வர் எதிர்ப்பு: ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன், நார்த் கரோலைனா, நார்த் கரோலைனா ஸ்டேட். ஸ்டான்ஃபோர்டுக்காக முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸே போன் போட்டார் என்று செய்தி. செப்டம்பர் 1 அன்று நார்த் கரோலைனா ஸ்டேட் பக்கம் மாறியது. ஒரே ஓட்டில் கதவு திறந்தது. விலை சும்மா இல்லை. முதல் ஏழு வருஷம் இருவருக்கும் வழக்கமான பங்கில் 30 சதவீதம்தான். அவர்களோடு சேர்ந்து நுழைந்த டாலஸின் எஸ்எம்யு, 1994-இல் தெருவில் நின்ற நால்வரில் ஒன்று, ஒன்பது வருஷத்துக்கு டிவிப் பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. அங்கே எண்ணெய்ப் பணக்காரர்கள் பழைய மாணவர்கள். ஒரு வாரத்தில் 100 மில்லியன் டாலர் நன்கொடை திரட்டிவிட்டார்கள்.

ஓரிகன் ஸ்டேட்டுக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் காண்டலீசா ரைஸும் இல்லை, எண்ணெய் முதலாளியும் இல்லை. அவர்களிடம் இருந்தது பாக்-12இன் சட்டதிட்டப் புத்தகம். விலகல் நோட்டீஸ் கொடுத்த உறுப்பினர் வாரியத்தில் இருக்கை இழப்பார் என்று அதில் ஒரு விதி. 2022-இல் யூஎஸ்சியையும் யூசிஎல்ஏவையும் இதைச் சொல்லித்தான் மற்ற பத்துப் பேரும் வெளியே உட்கார வைத்தார்கள். இப்போது அந்தப் பத்தில் எட்டுப் பேர் விலகியிருக்கிறார்கள். ஆனாலும் எல்லோரும் சேர்ந்து சொத்துப் பற்றி ஓட்டுப் போடலாம் என்று கமிஷனர் கூட்டம் கூப்பிட்டார். பத்துக்கு இரண்டு, கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இரண்டு பேரும் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூரில், விட்மன் கவுன்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் கவுன்டி அது. நீதிபதி கேரி லிபி நவம்பரில் தடை உத்தரவு கொடுத்தார். மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. விலகிய பத்துப் பேரும் ஆளுக்கு 6.5 மில்லியன் டாலரை விட்டுக்கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். இரண்டு மாநில ஆளுநர்களால் முடியாததை ஒரு விதிமுறை வாக்கியம் சாதித்தது.

ஆடுகிற பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஃபுட்பால் அணிக்குத் தனி விமானம், வாரம் ஒரு ஆட்டம், சமாளிப்பார்கள். கஷ்டம் வாலிபாலும் சாஃப்ட்பாலும் ஆடுகிறவர்களுக்கு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரட்கர்ஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம், மூன்று மணி நேர வித்தியாசம். ஃபுட்பாலுக்காகப் போட்ட வரைபடத்தில் மற்றவர்கள் பறக்கிறார்கள். ஃபுட்பாலை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தால் என்ன என்று பலர் கேட்டாயிற்று. கேட்கிற இடத்தில் ஓட்டு உள்ளவர்கள் யாரும் இல்லை.

தாவலைத் தடுக்கக் கான்பரன்ஸ்கள் கண்டுபிடித்த மருந்து, உறுப்பினர்களின் டிவி உரிமையைக் குறிப்பிட்ட வருஷம்வரை கான்பரன்ஸ் பெயருக்கே எழுதி வாங்கிக்கொள்வது. நீ வெளியே போகலாம், உன் ஆட்டத்தின் உரிமை எங்களிடமே இருக்கும். ஏசிசி இப்படி 2036வரை எழுதி வாங்கியிருந்தது. ஃபுளோரிடா ஸ்டேட் 2023-இல் ஆடிய பதின்மூன்று ஆட்டமும் ஜெயித்தும் தேசியப் போட்டிக்குத் தேர்வாகவில்லை. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் டிசம்பரில் ஏசிசி மீது வழக்கு. ஏசிசி ஒரு நாள் முந்திக்கொண்டு நார்த் கரோலைனாவில் வழக்கு. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் அதற்கு முன்பே, தேசியப் போட்டிக்குத் தேர்வு செய்யாததை எதிர்த்து வழக்கு வந்தால் அந்தச் செலவுக்கு என்று பட்ஜெட்டில் ஒரு மில்லியன் டாலர் ஒதுக்க முன்வந்திருந்தார். இங்கே அரசியல்வாதியின் திசை மாறிவிட்டதைக் கவனியுங்கள். பழைய ஆளுநர்கள் உள்ளூர் அணி கைவிடப்படாமல் பார்த்தார்கள். இவர் தன் ஊர் அணி வழக்காட உதவி செய்ய முன்வந்தார். ஒருவேளை காலத்துக்கு ஏற்ற புத்திசாலித்தனமே அதுதானோ என்னவோ. 2025 மார்ச்சில் சமரசம்: அதிகம் பார்க்கப்படும் அணிக்கு அதிகப் பங்கு, விலகல் கட்டணம் 2030-31 வாக்கில் 75 மில்லியனாகக் குறையும். பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தமும் அதற்குச் சற்று முன்னால் முடிகிறது. அடுத்த சூறாவளி எப்போது என்று ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் அநாதைகள் இருவரும் பாக்-12 பெயரை வைத்துக்கொண்டு திரும்ப வீடு கட்டுகிறார்கள். எப்படி? மவுன்டன் வெஸ்ட் கான்பரன்ஸிலிருந்து போய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் உட்பட ஐந்து பேரை இழுத்து. உறுப்பினரை இழுத்தால் அபராதம் என்று அவர்களே கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தப்படி சுமார் 55 மில்லியன் டாலர் கட்ட வேண்டும். அந்த விதி சட்டவிரோதம் என்று 2024-இல் இவர்களே நீதிமன்றம் போனார்கள். அடிபட்டவர்கள் என்பதால் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் வர்ஜீனியா டெக்கை மறந்துவிட்டார்கள்.

மாநிலங்கள் கையை விரித்த பிறகு விவகாரம் இப்போது வாஷிங்டன் டி.சி.க்கு வந்திருக்கிறது. தொழில்முறை லீக்குகள் டிவி உரிமையைச் சேர்த்து விற்க 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கைக் கல்லூரிகளுக்கும் நீட்டி, எல்லாக் கான்பரன்ஸும் ஒரே கடையாக விற்கட்டும் என்று 2025 செப்டம்பரில் ஒரு மசோதா வந்தது. 1984 தீர்ப்பு உடைத்ததைச் சட்டம் போட்டு ஒட்ட வைக்கும் முயற்சி. கொண்டுவந்தவர் மரியா காண்ட்வெல், வாஷிங்டன் மாநில செனட்டர். புல்மன் இருப்பது அவருடைய மாநிலத்தில்தான். உடன் நிற்பவர்களில் ஒருவர் ரிச்சர்ட் புளூமென்தால், 2003-இல் வழக்குப் போட்ட அதே கனெக்டிகட்காரர், இப்போது செனட்டர். பிக் டென்னும் எஸ்இசியும் எதிர்க்கின்றன. அதிகம் விற்கிறவர்கள் எதற்குக் கடையைப் பொதுவாக்க வேண்டும்?

மசோதா முதலில் தாண்ட வேண்டியது செனட்டின் வணிகக் குழுவை. அதன் தலைவர் டெக்சாஸின் டெட் குரூஸ். அவர் மாநிலத்தில் டெக்சாஸும் ஏ அண்ட் எம்மும் எஸ்இசியில் இருக்கின்றன. டெக்சாஸ் டெக், பேய்லர், டிசியு, ஹூஸ்டன் பிக் 12இல். எஸ்எம்யு ஏசிசியில். டெக்சாஸ் ஸ்டேட் புதிய பாக்-12க்குச் சம்மதித்திருக்கிறது. டெக்சாஸ் டெக் வாரியத் தலைவர் கோடி கேம்ப்பெல், சேர்த்து விற்கச் சட்டம் வேண்டும் என்று ஃபுட்பால் ஒளிபரப்புகளுக்கு நடுவிலேயே சொந்தச் செலவில் விளம்பரம் ஓட்டினார். எஸ்இசி பக்கத்தவர்களுக்கு அந்த விளம்பரம் கசக்கிறது. இரு தரப்புமே குரூஸின் வாக்காளர்கள்.